சாம்பிள் குழந்தை

மூன்று நாட்கள் நான் ஒரு நடிகையின் குழந்தைக்குத் தகப்பனாக இருந்தேன். அந்த நடிகையை நேரில் பார்த்தது கிடையாது. அந்த மூன்று நாளும் என் மனைவி எனக்குச் சோறு போட்டாள் என்பதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். சில இடங்களில் யார் செய்தது தப்பு என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பெரும்பாலும் நான்தான் என்று மனைவி சொல்கிறாள்.

அதியமான்கோட்டையில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி, எனக்கு ஒரு பேனர் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கப் பழைய டிசைன்கள். கல்யாணமோ காதுகுத்தோ மஞ்சள் நீரோ கண்ணீர் அஞ்சலியோ, பேனர் கட்டாமல் ஒன்று நடந்தால் எங்கள் பக்கத்தில் அது நடந்ததாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கறுத்தவர்களைச் சிவக்க வைப்பதும் வழுக்கையில் முடி நடுவதும் என் தொழில். என் கல்யாணப் பேனரை நானே செய்துகொண்டேன். கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. மண்டப வாசலில் பேனருக்குக் கீழே நின்றிருந்த என்னிடமே வந்து, மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்தார் பெண்ணின் சித்தப்பா.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்குள் வந்தார். செருப்பெல்லாம் செம்மண். ரோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"தம்பி, ஒரு காதுகுத்து பேனர் வேணும். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது."

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு ஆர்டரை நான் கேட்டதில்லை. நாலு பேருக்குத் தெரியத்தானே பேனர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

பாலக்கோட்டைத் தாண்டி அவருக்குத் தக்காளித் தோட்டம். அவருடைய ஒரே தங்கைதான் அந்த நடிகை. அவர் எங்கள் பக்கத்துப் பெண் என்பது ஜில்லாவுக்கே தெரியும். கணவரைப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது என்பதும் தெரியும், ஏனென்றால் அந்த ஒரு வருடமாக சேனல்காரர்களுக்கு வேறு வேலையே இல்லை. குழந்தை யாரிடம் இருக்கிறது, ஏன் முகத்தைக் காட்டவில்லை, என்ன மறைக்கிறார்கள் என்று தினம் ஒரு வீடியோ. தடுப்பூசி போடப் போன இடத்தில் ஆஸ்பத்திரி கார் நிறுத்தும் இடம் வரைக்கும் ஒருவன் கேமராவோடு வந்தானாம். அன்றிலிருந்து தங்கை குழந்தையின் தலையில் ஒரு துண்டைப் போர்த்தித்தான் வெளியே தூக்கி வருகிறாராம்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். ஆறு மாதமாகக் கெஞ்சி அண்ணன் சம்மதம் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல், வீட்டு ஆட்கள் பத்துப் பேர், அரை மணி நேரம், அவ்வளவுதான். ஒரே ஒரு கேமராவைப் பற்றிக் காதில் விழுந்தாலும் கிருஷ்ணகிரியிலேயே காரைத் திருப்பிவிடுவேன், அப்புறம் காதுகுத்தும் கிடையாது மாமன் மடியும் கிடையாது என்று தங்கை சொல்லிவிட்டார்.

"அப்புறம் எதுக்குங்கண்ணா பேனர்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பங்காளி வூட்டு காதுகுத்துலெல்லாம் தாய்மாமன் படம் ஆள் உசரத்துக்கு நிக்குது. நான் மட்டும் களவாணி மாதிரி ஒக்காந்து, மடியில வெச்சிட்டு, எந்திரிச்சு வரணுமா? ரோட்டுப் பக்கம் கட்ட மாட்டன் தம்பி. காம்பவுண்டுக்குள்ள, சாமியப் பாத்தாப்புல கட்றன். சாமி பாத்தா போதும்."

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ஊர், தேதி, கோயில், தங்கை பெயர், குழந்தை பெயர் எதுவும் போடக்கூடாது. அதையெல்லாம் எடுத்துவிட்டால் பேனரில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, சம்மணம் போட்ட கால், வெறும் மடி. மருந்துக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. அவருக்கும் திருப்தி இல்லை. ஏதாவது ஒரு குழந்தையை வைத்துக் காட்டுங்கள், பிரிண்டுக்குப் போகும்போது எடுத்துவிடலாம் என்றார்.

குழந்தை டிசைன் எது வந்தாலும் சாம்பிளுக்கு நான் வைப்பது என் மகள் படத்தைத்தான். யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள், பார்க்கவும் லட்சணமாக இருப்பாள். அவளுக்கே தெரியாமல் எத்தனையோ பேருடைய முதல் பிறந்தநாளை அவள் கொண்டாடியிருக்கிறாள். அவளைத் தூக்கி அந்த மடியில் உட்கார வைத்தேன். நிழலெல்லாம் கொடுத்தேன். என் வேலையை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் மாமன் கை அவள் இடுப்பைப் பிடித்திருப்பது மாதிரியே வந்துவிட்டது. குறுக்கே 'சாம்பிள்' என்று வெளிர் எழுத்தில் போடுவது வழக்கம். அன்றைக்கு அது அவருடைய மீசையின் மேல் வந்து விழுந்தது. நன்றாக இல்லையே என்று எடுத்துவிட்டேன். அந்த ஒரு மீசைக்காக நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். பார்த்ததும் அவருக்கு மனசு தாங்கவில்லை. நெருங்கிய சொந்தம் நாலு பேர் மட்டும் பார்க்கட்டும் என்று ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். அந்த நாலு பேரைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாரோ, அந்த நாலு பேரைத் தவிர மற்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தக்காளி மண்டிக்காரர்கள், சொட்டுநீர்க் குழாய் விற்பவர், மினி பஸ் கண்டக்டர், எல்லோரும்.

மறுநாள் மத்தியானம் டீக்கடையில் மாஸ்டர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சினிமாச் செய்தி சேனல் ஒன்று. மறைத்து வைத்த மகளின் முகம் முதன்முறையாக வெளியானது என்று தலைப்பு. சிவப்பு வட்டம், மஞ்சள் அம்புக்குறி, வட்டத்துக்குள் என் மகள். சொந்த ஊரில் ரகசியமாகக் காதுகுத்தி முடித்துவிட்டார்கள், பாருங்கள் காதில் தோடு என்று ஒருவர் பன்னிரண்டு நிமிடம் விளக்கினார். மூக்கு அப்படியே அம்மா மூக்கு என்றார். அது என் அப்பாவின் மூக்கு. அந்த மூக்கால் அவர் விட்ட குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

நான் சிரித்துவிட்டேன். டீ சட்டையில் கொட்டும் அளவுக்குச் சிரித்தேன். கடைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் சிரிப்பு மெதுவாக இறங்கியது. வட்டத்துக்குள் இருந்தது என் பிள்ளை.

கடையில் உட்காரும்போது போன் அடித்தது. தோட்டத்துக்காரர். "தம்பி, போச்சு," என்றார். தங்கை வீடியோவைப் பார்த்துவிட்டார், வருவதாக இல்லை, உன் நம்பர் கேட்டார் கொடுத்துவிட்டேன் என்பதைத் துண்டு துண்டாகச் சொன்னார். அவர் வைத்ததும் இன்னொரு நம்பரிலிருந்து அழைப்பு. எத்தனையோ தடவை திரையில் கேட்ட குரல். நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"படத்துல இருக்கிற கொழந்தை யாருதுங்க?"

"எங்க பாப்பாங்க."

"என்ன வயசு?"

"ஒண்ணே முக்காலுங்க."

"அழகா இருக்கா," என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். அது என் குழந்தை இல்லை என்று ஒரு வரி போட்டால் உடனே படம் பொய்யாகிவிடும். ஆனால் காதுகுத்து இன்னும் நடக்கவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அண்ணன் வீட்டு வாசலில் நாளைக்கே கேமரா நிற்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், முகம் கிடைத்துவிட்டது, விசேஷம் முடிந்துவிட்டது என்று அவர்கள் பேசாமல் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுப் போய்விடலாம்.

"நான் மறுத்தா உங்க பொண்ணுக்கு நல்லது. சும்மா இருந்தா எம் பொண்ணுக்கு நல்லது. இத நானா முடிவு பண்ணக் கூடாதுங்க. வூட்டுல பேசிட்டுச் சொல்லுங்க."

படங்களில் அவர் வீடு என்றுதான் சொல்வார். என்னிடம் வூடு என்றார். அதற்குமேல் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

என் மனைவி தனியார் பள்ளியில் எல்கேஜி டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். சாயங்காலம் அவளிடம் இதை ஒரு தமாஷ் மாதிரி ஆரம்பித்தேன். மூக்கு விஷயத்தை நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. போனை வாங்கி வீடியோவை நிறுத்திவிட்டுக் கீழே இருந்த கமெண்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். நான் அதுவரை அவற்றைப் பார்க்கவில்லை. என் மகளின் நிறத்தைப் பற்றி ஒருவன் எழுதியிருந்தான். இது யாருக்குப் பிறந்தது என்று இன்னொருவன் கேட்டிருந்தான். அதற்கு ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பெயர் சொல்லியிருந்தார்கள்.

"இத எழுதினவன் வூட்ல பச்சப் புள்ள இருக்காதா?" என்றாள்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த நடிகை கணவரைப் பிரிந்த செய்தி வந்தபோது இதே மாதிரி ஒரு வீடியோவுக்குக் கீழே, குழந்தையை ஏன் மறைக்கணும், ஏதோ இருக்கு என்று நானும் எழுதினேன். இரண்டு சிரிக்கும் பொம்மை வேறு போட்டேன். நிறையப் பேர் லைக் போட்டார்கள், அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருந்தேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அவள் இதைப் படித்தால் மிச்சத்தை அவளே வந்து எழுதுவாள்.

வெகுநேரம் கழித்து முடிவைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழம பத்து மணி வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. அந்தப் பொம்பள அண்ணன் மடியில கொழந்தைய வெச்சிட்டுப் போவட்டும். பத்துக்கு மேல ஒரு நிமிசம் கூட எம் புள்ள இன்னொருத்தி புள்ளயா இருக்கக் கூடாது. நீங்களே சொல்லிடணும். சிரிக்காம சொல்லணும்."

அப்படித்தான் நான் அந்த மூன்று நாளுக்குள் நுழைந்தேன்.

எங்கள் தெருவுக்கு என் மகளைத் தெரியும். படத்தைப் பார்த்ததும், இது பேனர் கடைக்காரன் பெண்ணாச்சே, சாம்பிளுக்கு வைத்திருப்பான் என்று சொல்லிச் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவின் அறிவை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். டி.வி.யிலேயே சொல்கிறான், வட்டம் போட்டுக் காட்டுகிறான், அவன் பொய் சொல்வானா? அப்படியென்றால் அந்தக் குழந்தை இவன் வீட்டில் எப்படி வந்தது? இந்த இடத்திலிருந்து யோசிக்க ஆரம்பித்து இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நடிகை குழந்தையை வளர்க்கக் கொடுத்திருக்கிறார் என்பது ஒரு கட்சி.

"அப்பவே நெனச்சன் மாப்ள. பாப்பாவுக்கு உன் ஜாடையே இல்ல," என்றார் டீ மாஸ்டர்.

பக்கத்தில் டயர் கடைக்காரர். "ஜாடை இருக்குதுய்யா. அதான் விசயமே."

அது இரண்டாவது கட்சி. அதில்தான் கூட்டம் அதிகம். நான் எப்போது சென்னைக்குப் போனேன் என்று விசாரித்தார்கள். பேனர் மிஷின் கண்காட்சி பார்க்க ஒரு தடவை போய் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருந்தார்கள். அவர்கள் அடித்துச் சொன்ன விதத்தில் நானே ஒரு நிமிடம் மாதத்தை எண்ணிப் பார்த்தேன். சத்தியமாக எண்ணிப் பார்த்தேன். உச்சம் என் மாமியார். பிரசவ அறை வாசலில் நின்று நர்ஸ் கையிலிருந்து பேத்தியை முதலில் வாங்கியவர் அவர்தான். அவர் மகளுக்குப் போன் செய்து, நெசமா இது நீ பெத்ததுதானே என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல முடியாது. ஜாடையாகச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை, ஏனென்றால் இருபது வருடமாக நான் சொன்ன எதையும் அங்கே யாரும் நம்பியதில்லை. அவ்வளவு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பாப்பாவுக்குக் காரணம் புரியாது. கதவைத் தட்டித் தட்டி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மைக்கோடு ஒரு பெண், கேமராவோடு ஒருவர். எங்கள் தெருவில் யாரோ போன் செய்து வரவழைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். விடியற்காலையில் கிளம்பியது, தொப்பூர் வளைவுகளில் குமட்டல் வந்தது, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று களைத்துப்போய்ச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. விரட்டவும் தோன்றவில்லை, விரட்டினால் நேராகப் பாலக்கோட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. உட்கார வைத்து டீ சொன்னேன்.

"சார், அந்தக் கொழந்தை உங்க வீட்லதான் வளருதுன்னு சொல்றாங்க. உண்மையா?"

பத்து மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் பேனர் துணியின் வகைகளைப் பற்றிப் பேசினேன். வழுக்கையில் முடி நடுவது எப்படி என்று திரையில் செய்து காட்டினேன். கேமராக்காரர் தலையில் இடம் இருந்தது, அவருக்கே நட்டுக் காட்டினேன். ஆர்வமாகப் பார்த்தார். அந்தப் பெண் மட்டும் பொறுமையாக, ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் அதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. தோட்டத்துக்காரர். எடுத்துக் காதில் வைத்தால் ஆள் பேசவில்லை. ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். அதற்குப் பின்னால் கோயில் மணி. அழுகைக்கு நடுவே அவர் குரல், "ஒரு காது ஆச்சு சாமி, ஆச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு." எனக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே அழைத்தாரா, சட்டைப் பையில் தானாக அமுங்கியதா என்று இன்றுவரை கேட்கவில்லை. என் போனில் சத்தம் அதிகம். அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கொழந்தை அழுவுதே. உள்ளதான் இருக்கா?"

"ஆமாங்க," என்றேன். உள்ளே ஒரு குழந்தை இருந்தது, அது நிஜம். அது அழவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து நின்றார். கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. மைக் என் உதட்டுக்குக் கீழே வந்தது. "நேரா கேக்கறேன் சார். அது உங்க கொழந்தையா?"

போனில் இரண்டாவது காது இன்னும் பாக்கி. ஆமாம் என்றால், படம் பொய், காதுகுத்து இன்னும் முடியவில்லை என்று அந்த நிமிடமே இவர் அலுவலகத்துக்குச் சொல்வார். அவர்கள் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். தங்கை கார் அங்கிருந்து கிளம்பக்கூட இல்லை. இல்லை என்றால் பெற்ற பிள்ளையை இல்லை என்றதாகிவிடும். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன் நான். எழவு வீட்டில்கூட என் வாய் நின்றதில்லை. அன்றைக்கு நின்றுவிட்டது. பிறகு என்னைக் கேட்காமல் அதுவே திறந்தது.

"எனக்குத் தெரியலீங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணே ஒரு நொடி திகைத்துவிட்டார். போனில் இரண்டாவது அழுகை, முதலாவதைவிடப் பெரிதாக வந்து, அப்படியே அணைந்தது.

சரியாகப் பத்து மணிக்கு வீட்டுக் கதவு திறந்தது. மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மைக்குக்கு நேராகப் போய் நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இது நான் பெத்த புள்ள. இந்த ஆளு எல்லா டிசைனுக்கும் இவ படத்தத்தான் வெப்பாரு. நீங்க பாத்ததும் டிசைன்தான்."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, வேறு வேறு பெயர்களில் என் மகள் கொண்டாடிய பிறந்தநாள்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தார். மைக்கைக் கீழே இறக்கினார். பாப்பாவின் காதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தக் கொழந்தைக்கு இன்னும் காது குத்தலியா?"

"குத்தியாச்சு," என்றாள் மனைவி. "எங்க, எப்பன்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. மீதி டீயைக் குடித்துவிட்டு, பாப்பா கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். நல்ல பெண் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் குழப்பம். அன்று சாயங்காலம் வந்த வீடியோவில் என் மனைவி பேசியது ஒரு வார்த்தை இல்லை, டிசைன்கள் இல்லை. என் முகம் மட்டும் பெரிதாக வந்து, எனக்குத் தெரியலீங்க என்றது. அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டார்கள். அவர் வெட்டினாரா, மேலே இருப்பவர்கள் வெட்டினார்களா, யாரைக் கேட்பது? பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்னவன் என்பது உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. டயர் கடைக்காரருக்கு அதற்கு மேல் சாட்சியே தேவைப்படவில்லை.

தோட்டத்துக்காரர் திங்கட்கிழமை வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. வெறும் மடிப் பேனரையே கட்டி, அதற்கு முன்னால் அதே மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிஜக் குழந்தையை நிஜ மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள். தங்கை பேனரைப் பார்த்துச் சிரித்தாராம், பிறகு அழுதாராம். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

தங்கை தரப்பில் மறுப்பு வந்தது. மறுப்பது ஏன் என்று அதற்கு ஒரு வீடியோ வந்தது. எங்கள் மகள் படத்தை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுக்க அவரே ஒரு வக்கீலை ஏற்பாடு செய்திருந்தார். பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து செல்லுமா என்று வக்கீலிடம் கேட்டேன். மனைவி முறைத்தாள், போட்டேன். சில இடத்தில் எடுத்தார்கள். சில இடத்தில் வட்டத்துக்குள் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கையெழுத்துப் போட்ட மறுவாரம் ஒரு மத்தியானம் அந்த நடிகை போன் செய்தார். என்னிடம் நலம் விசாரித்துவிட்டு மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதவுப் பக்கமாகப் போய் நின்றேன். கேட்பதற்காக இல்லை, காலண்டர் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சுவரில் காலண்டர் இல்லை. உள்ளே அவள் பேசினாள், நிறுத்தினாள், சிரித்தாள், மறுபடி வெகுநேரம் பேச்சே இல்லை. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. நாற்பது நிமிடம் ஆனது.

மனைவி வெளியே வந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "அவங்க புள்ளைக்கு எடது காது சீழ் வெச்சிருச்சாம். தேங்காயெண்ணெயில மஞ்சளக் கொழச்சுத் தடவச் சொன்னன்," என்றாள்.

"சரி. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"அதுக்கு நாப்பது நிமிசமா?"

போனை என் கையில் கொடுத்துவிட்டு, பாப்பாவுக்குச் சோறு பிசையப் போய்விட்டாள்.